பொட்டல் பூத்த மூன்று நாட்கள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மருத்துவ அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்கே சொந்தமான ஐந்தாறு ஏக்கர் காலி மனை. பிற்பாடு இரண்டாவது யூனிட் கட்டலாம் என்று போட்டு வைத்திருந்த இடம். நான் சேர்ந்த நாளிலிருந்து நாலு வருஷம் அந்த ஜன்னலில் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. வேலியை நெருக்கிக்கொண்டு, ஆள் ஒருவர் குனிந்துகூட நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்து கிடந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குப் பச்சையாக இருந்தது, வெயிலைக் கொஞ்சம் தடுத்தது. நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

நான் நர்ஸ். இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன். கொரோனாவின் இரண்டாவது அலை முடிந்த பிறகு ஒருநாள் மானிட்டர் சத்தம் கேட்டபோது என் கை நடுங்கியது. அடுத்த வாரமும் நடுங்கியது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே விரலில் வெட்டு, கண்ணில் தூசி, தொடர்ந்து ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வந்து மயங்கி விழும் பையன்கள், மாதவிடாய் வலியோடு வந்து அரைமணி நேரம் படுத்துவிட்டுப் போகும் பெண்கள், இவ்வளவுதான். ஷிப்டுக்கு ஒரு நர்ஸ், டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். நிம்மதியான வேலை என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் சில நாள், பிளாஸ்திரி ஒட்டுவதற்கா அத்தனை வருஷம் படித்தோம் என்று தோன்றும். மருத்துவமனை வாசலைத் தாண்டும்போது மட்டும் அந்த எண்ணம் ஓடிவிடும். உறவினர் யாராவது அட்மிட் ஆகியிருந்தால்கூட உள்ளே போய்ப் பார்க்காமல் போனிலேயே விசாரித்துவிடுவேன்.

போன ஏப்ரல் மாதம் இரண்டாவது யூனிட்டுக்கு உத்தரவு வந்தது. ஜேசிபி மூன்று வண்டி வந்து, மூன்றே நாளில் கருவேலத்தை வேரோடு பிடுங்கி டிப்பரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாலாவது நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றுமே இல்லை. செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். பத்து மணிக்கெல்லாம் தரையிலிருந்து வெக்கை ஆடிக்கொண்டே எழும்பியது. அந்தக் கோடியில் இருக்கும் பக்கத்துக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி அந்த வெக்கையில் நெளிந்து தெரிந்தது. அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் டிரெயினிப் பெண்கள் நாலு பேர் வேலி ஓரம் நின்று படம் எடுத்து, துபாய் வந்திருக்கிறோம் என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். அதை நம்பி அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் சாக்லேட் வாங்கி வரச் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றடித்தால் தூசி முழுக்க என் அறைக்குள் வந்தது. கண் கழுவ வருகிறவர்கள் கூட்டம் அதிகமானது. ஜன்னல் இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகி, மேலே டேப் ஒட்டினேன். அப்படியும் கட்டில் விரிப்பு மதியத்துக்குள் சிவந்துவிடும். ஹவுஸ்கீப்பிங் அக்கா நாளுக்கு மூன்று தடவை துடைத்தார். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"இன்னா சிஸ்டரு, வூட்ல பெருக்கறதுக்கு மேல இங்க பெருக்கிகினு கீறேன்" என்றார். "அந்த முள்ளு இருந்தா தேவல போல."

மே மாதம் முதல் பாதியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இடியோடு மழை பிடித்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. கோடை மழைதான், இரண்டு நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காது. ஆனால் பெய்தது பலமாகப் பெய்தது. மனையில் சுண்ணாம்புப் பொடியால் அஸ்திவாரத்துக்குப் போட்டிருந்த கோடுகளெல்லாம் கரைந்துபோயின. இரண்டு நாள் செந்தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்று, பிறகு சுண்டி, மண் மேலே ஏடு கட்டியது. தூசி அடங்கியதில் எனக்கு மகிழ்ச்சி. அதற்கு மேல் அந்த மனையிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் அந்த டிரைவர் வந்தார்.

எங்கள் கம்பெனியிலிருந்து கார்களை வடக்கே ஏற்றிப் போகும் நீளமான டிரெயிலர்களை ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ராஜஸ்தான், ஹரியானாக்காரர்கள். லோடு ஏறும்வரை ஒருநாளோ இரண்டு நாளோ பார்க்கிங்கிலேயே அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டு கிடப்பார்கள். வண்டி கிளம்புவதற்கு முன் டிரைவருக்குப் பிரஷர் பார்த்து, குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. அந்தச் சீட்டு இல்லாமல் கேட் திறக்க மாட்டார்கள்.

வந்தவருக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் காய்ந்த, ஒல்லியான ஆள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து காட்டியது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இருபது நிமிஷம் கழித்து இன்னொரு கையில் பார்த்தேன். அதே அளவுதான். மூன்றாவது தடவையும் இறங்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரை ஆரம்பித்துவிடுங்கள், ஈசிஜி எடுத்து எனக்கு அனுப்புங்கள், பிரஷர் இறங்கும்வரை ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றார். ஈசிஜி அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. சீட்டில் 'தகுதி இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

டிரைவருக்குக் கோபம். இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு கண்ணாடி உடைந்ததில்லை என்றார். பாதித் தமிழ், பாதி ஹிந்தி. ஒரகடத்துக்கு வந்து போயே அந்தத் தமிழைக் கற்றிருந்தார். என் ஹிந்தியோ எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்கும் அளவுக்குத்தான். அவரை அனுப்பிய கையோடு, லோடு வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருக்கும் டிஸ்பாட்ச் சார் வந்தார். வண்டியில் கார் ஏற்றியாகிவிட்டது, மாற்று டிரைவர் வர நாலு நாள் ஆகும், ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்றார். முடியாது என்று சொன்னதும் சலித்துக்கொண்டார்.

"பிரஷர் யாருக்குத்தான் இல்ல சிஸ்டர்? எனக்கும்தான் இருக்கு."

"அப்ப உக்காருங்க சார், உங்களுக்கும் பாத்துடலாம்" என்று கருவியை எடுத்தேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவையும் கேட்டார்கள். நிச்சயம்தான் என்றேன். போனை வைத்த பிறகு, ஒரு ஆளுடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பார்க்கிங்கில் நிழல் இல்லை. அதனால் அந்த டிரைவர் என் அறைக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். பெஞ்சுக்கு எதிரே வேலி, வேலிக்கு அப்பால் அந்தப் பொட்டல். நான் போய்ப் பிரஷர் பார்க்கும்போது முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டுவார். மாத்திரையை வாங்கி விழுங்குவார். மறுபடியும் பொட்டலைப் பார்ப்பார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவராகவே கதவைத் தட்டினார். அதுவரை அவர் தட்டியதில்லை. வெளியே வரச் சொல்லி, வேலிக்குள் கையை விட்டுத் தரையைக் காட்டினார்.

"சிஸ்டர், கல்" என்றார். "கல், கல்."

நான் பார்த்தேன். கல்தான் கிடந்தது. ஆமாம், கல் என்று தலையாட்டினேன். அவர் இன்னும் இரண்டு தடவை அதையே சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்கு நாளைக்கு என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. ஏடு கட்டிய மண்ணைப் பிளந்துகொண்டு பென்சில் முனை மாதிரி முளைகள் கிளம்பியிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. மண்ணோடு மண்ணாக அவ்வளவு சின்னதாக இருந்தன.

மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி என் அறைப் பக்கம் திரும்பினேன். முதலில் வாசனைதான் வந்தது. இனிப்பான வாசனை, மல்லிகையை விட லேசானது. எந்தத் தொழிற்சாலையிலும் அப்படி ஒரு வாசனை வராது, புதிதாக ஏதோ பெயிண்ட் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெஞ்சில் டிரைவர் இல்லை. அப்புறம்தான் வேலிக்கு அப்பால் பார்த்தேன்.

செம்மண் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு. உச்சியில் இரண்டோ மூன்றோ பூக்கள். மெல்லிய ஆறு இதழ்கள் விரிந்து, நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பு பல் பல்லாக வெட்டியது போல. இலை என்று ஒன்றிரண்டு கோரைப்புல் மாதிரி தலைகாட்டியதோடு சரி. ஜேசிபியின் சங்கிலிச் சக்கரம் பதிந்த தடத்துக்குள்ளேயும் பூத்திருந்தது. சரளைக்கல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பூத்திருந்தது. சில இடங்களில் கூட்டமாக, சில இடங்களில் தனியாக, தண்ணீர்த் தொட்டி இருக்கும் கோடிவரைக்கும். நான் அந்த இடத்தை நாலு வருஷம் பார்த்திருக்கிறேன். அதற்கடியில் இப்படி ஒன்று கிடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏ ஷிப்ட் ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஐம்பது அறுபது பேர் வேலி ஓரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் ஒருவர் லைனுக்குப் போகச் சொல்ல வந்தவர், தானும் இரண்டு நிமிஷம் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்புறம்தான் விரட்டினார்.

டிரைவர் மனைக்குள்ளே நின்றார். ஜேசிபி நுழைவதற்காக வேலியைப் பிரித்த இடம் வழியாகப் போயிருந்தார். கையில் போன். ஒவ்வொரு பூவாகக் குனிந்து குனிந்து காட்டிக்கொண்டே நடந்தார். நானும் போனேன். போனின் திரையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி. அவர் மனைவி. என்னைக் கண்டதும் டிரைவர் முகத்தில் இரண்டு நாள் கோபம் இல்லை. இந்த சிஸ்டர்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா என்னவோ பதில் சொல்லிச் சிரித்தார்.

போனை வைத்த பிறகு அவர் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அவருடைய ஊர் பார்மர் பக்கம், எல்லையை ஒட்டிய பாலைவனம். அங்கேயும் மண் இப்படித்தான் மொட்டையாகக் கிடக்கும். சில வருஷம் மழையே வராது. வந்துவிட்டால், ஐந்து ஆறு நாளில் மணலெல்லாம் பூத்துவிடும். மஞ்சளாக ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, எந்த விதையும் யாரும் போட்டதில்லை. ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அப்புறம் பழைய மணல்தான். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு தடவை பார்த்தது. அதற்குப் பிறகு மழை வரும் மாதங்களில் எல்லாம் அவர் வண்டியில்தான் இருந்திருக்கிறார். பூத்த வருஷங்களில் மனைவி போன் செய்து, பூத்திருக்கிறது என்பாராம். எங்கேயாவது டோல்கேட்டில் நின்றுகொண்டு, சரி என்று இவர் வைத்துவிடுவாராம்.

"எல்லா தடவையும் அவங்க சொல்வாங்க" என்றார். "இன்னிக்கு நான் காட்டுது."

ஹவுஸ்கீப்பிங் அக்கா எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. "இதுக்கா இத்தினி பேரு நிக்கறீங்க? நரி வெங்காயம் சிஸ்டரு இது" என்றார். முள் வருவதற்கு முன்னால் கோடை மழைக்கு இந்தப் பக்கமெல்லாம் இது பூக்குமாம். முள் மண்டிய பிறகு வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்காமல் பூக்காமலே கிடந்திருக்கிறது. எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். அவருடைய பெரிய பையன் பிறந்த காலத்தில் பார்த்ததுதான் என்றார். அந்தப் பையனுக்கு இப்போது குழந்தை இருக்கிறது.

"அத்தினி வருசம் உள்ளயே உசுரோட கெடந்துச்சா அக்கா?"

"கெயங்கு சாவாது சிஸ்டரு. ஆழத்துல பூந்து கெடக்கும்."

பத்து மணி வாக்கில் கட்டுமான வேலைக்குப் பொறுப்பான சிவில் இன்ஜினியரைத் தேடிப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தரையைச் சமப்படுத்த ரோலர் எப்போது வருகிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையிலிருந்து இதைக் கேட்கும் ஏழாவது ஆள் நான் என்றார்.

"மண்ணு ஈரமா கெடக்கு. சனிக்கெழமைக்கு முன்னால ரோலர எறக்குனா சக்கரம் பொதைஞ்சுரும்" என்றார். "ஒங்களுக்காவ நிப்பாட்டுதேன்னு மட்டும் நெனச்சுக்கிடாதீய."

வியாழக்கிழமை இன்னும் அதிகமாகப் பூத்தது. ஒரு பூ சாயங்காலம் விரிந்தால் மறுநாள் மதியத்துக்குள் துவண்டுவிடும் என்பதையும், அதே தண்டில் அடுத்த மொட்டு தயாராக நிற்கும் என்பதையும் அதற்குள் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் காலியாகிவிட்டது. டிரெயினிப் பெண்கள் பறித்துத் தலையில் வைத்துப் பார்த்தார்கள், ஒரு மணி நேரத்தில் வாடிவிட்டது. அதற்குப் பிறகு பறிக்கவில்லை. கூட்டம் மிதித்துவிடும் என்று டிரைவர் காலையிலேயே சரளைக்கல்லைப் பொறுக்கி இரண்டு பக்கமும் அடுக்கி ஒரு பாதை போட்டிருந்தார். பாதையை விட்டு யாராவது காலை வைத்தால், பெரிய மேனேஜராக இருந்தாலும் கையைக் காட்டி நிறுத்துவார். அவர் யார், அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

பூவைப் பார்த்து மனது குளிர்ந்து பிரஷர் இறங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் புதன்கிழமை கொஞ்சம் இறங்கியது, வியாழக்கிழமை காலையில் ஏறியிருந்தது. வெயிலில் அலையாதீர்கள் என்று திட்டினேன். சரி சரி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. மூன்று மணி வாக்கில் டேப்பை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டிரைவர் பாதை நடுவே குந்தியிருந்தார். பூவைப் பார்க்கக் குனிந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் தலை கவிழ்ந்திருந்தது. இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு மேகமூட்டம், பெரிய புழுக்கம்கூட இல்லை. அப்படியும் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

நான் ஓடினேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, பல் வலி மாதிரி இருக்கிறது, கை கனக்கிறது என்றார். அக்காவும் செக்யூரிட்டியும் ஒரு பக்கம் பிடிக்க, அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்து ஈசிஜி போட்டேன். காகிதத்தில் கோடு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கோடு வேறு, இது வேறு. டாக்டருக்குப் படம் அனுப்பி, அவர் சொன்ன மாத்திரைகளைக் கொடுத்து, கம்பெனி ஆம்புலன்ஸில் ஏற்றி, நானும் கூடவே ஏறினேன். ஷிப்ட் முடியும் நேரம், ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர்களும். டிரைவர் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். வண்டிச் சாவி அவருடைய தலையணைக்கடியில் இருக்கிறது என்றார். மனைவிக்கு இப்போது போன் செய்ய வேண்டாம், முடிந்த பிறகு செய்யுங்கள் என்றார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானிட்டர் சத்தம் அடித்துக்கொண்டே வந்தது. என் கை நடுங்கவில்லை. அதை நான் கவனித்ததே மருத்துவமனை போய்ச் சேர்ந்த பிறகுதான்.

இருதயக் குழாயில் இரண்டு அடைப்பு. ஒன்று கிட்டத்தட்ட முழு அடைப்பு. அன்று மாலையே ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்ததும் அவர் மனைவிக்குப் போன் செய்தேன். என் ஹிந்தி போதவில்லை. ஹிந்தி தெரிந்த வார்டு பாய் ஒருவரிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். அப்புறம் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. கீழே மருத்துவமனை கேன்டீனுக்குப் போய் இரண்டு பிளேட் இட்லி சாப்பிட்டேன். நாலு வருஷமாக ஒரு மருத்துவமனைக்குள் என்னால் தண்ணீர்கூடக் குடிக்க முடிந்ததில்லை. அன்றைக்குச் சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

டிஸ்பாட்ச் சார் ஏழு மணிக்கு வந்தார். ஐசியு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எட்டு கார் ஏற்றிய வண்டி திங்கட்கிழமை கிளம்பியிருந்தால் வியாழக்கிழமை எங்கே போயிருக்கும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார் போல. மறுநாள் காலை என் அறைக்கு முதல் ஆளாக வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் பிரஷர் அதிகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பூ பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. தண்டுகள் சாய ஆரம்பித்தன. அக்கா ஒரு கடப்பாறையோடு வந்தார். அவரும் நானும் இன்னும் இரண்டு ஹவுஸ்கீப்பிங் பெண்களும் மதியம் முழுக்கத் தோண்டினோம். முழங்கை ஆழம் போனால்தான் கிழங்கு. பெரிய வெங்காயம் போல, கறுத்த தோல் உரிந்து உரிந்து வந்தது. நாற்பது கிழங்கு எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. இன்ஜினியர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், தன் ஆட்கள் இரண்டு பேரைச் சும்மா நிற்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். கிழங்குகளை என் அறைக்குப் பின்னால், தீயணைப்புக் குழாய் ஓரமாக மதில் அடியில் புதைத்தோம். சனிக்கிழமை காலை ரோலர் வந்தது. மதியத்துக்குள் மனை மேசை மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டென்ட் வைத்த எட்டாவது நாள் டிரைவர் தம்பியோடு வந்தார். தம்பி ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்திருந்தார். அடுத்த டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டதால், இவருடைய துணிப் பையும் அடுப்பும் செக்யூரிட்டி அறையில் இருந்தன. வண்டியை யார் எடுத்தது, கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், அதை அவரிடம் யாராவது சொன்னார்களா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு வேலி ஓரம் போய் நின்றார். கம்பி கட்டுகிறவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். மூன்று நாள் நல்லதுதான் என்றார். அக்கா இரண்டு கிழங்கை செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவர் தம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வழியில் சமைப்பதற்கு என்று நினைத்துவிட்டார். சாப்பிட்டால் வாந்தி எடுக்கும் என்று அக்கா சைகையால் நடித்துக் காட்டியதில் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குக் கொண்டுபோன இரண்டு கிழங்கில் ஒன்றை எலி தின்றுவிட்டது, இன்னொன்று முளைக்கவில்லை என்று பிற்பாடு போனில் சொன்னார். நாங்கள் மதில் ஓரம் வைத்ததும் சரியாக வரவில்லை. இலை விட்டது. ஆனால் தீயணைப்புக் குழாயின் மூட்டில் தண்ணீர் கசிந்து மண் எப்போதும் சொதசொதவென்று இருந்ததில் பாதிக்கு மேல் அழுகிவிட்டன. காய்ந்து கிடக்க வேண்டிய கிழங்குக்குத் தினமும் தண்ணீர் காட்டியிருக்கிறோம். மிச்சத்தை அக்கா பிடுங்கிப் போய், தன் வீட்டுக்குப் பின்னால் யாரும் தண்ணீர் ஊற்றாத மேட்டில் போட்டிருக்கிறார். இந்தக் கோடைக்கு ஒன்றும் பூக்கவில்லை. மழையும் சரியாக வரவில்லை.

நான் அந்த வேலையிலேயேதான் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு இருதய நோயாளிகள் பிரிவில் உதவிக்குப் போகிறேன். வீட்டில் காரணம் கேட்டார்கள். போக முடிகிறது, அதனால் போகிறேன் என்றேன்.

டிரைவருக்குக் கனரக வண்டி ஓட்ட இனித் தகுதிச் சான்று கிடைக்காது. ஊரிலேயே ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, தம்பியின் கடையில் பாதி நாள் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவருடைய எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் அவர் இல்லை, அவர் மனைவி. மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது என்பது மட்டும் புரிந்தது. போனைத் திருப்பினார். மணல் மேடு மேடாக, கண் எட்டும்வரை மஞ்சள். குனிந்து கிட்டத்தில் காட்டினார். ஐந்து இதழ், தரையோடு படர்ந்த கொடி. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நெருஞ்சி. எங்கள் ஊரில் செருப்பில் ஏறிக்கொள்ளும் அதே நெருஞ்சி, அங்கே ஒரு பாலைவனத்தையே மூடியிருந்தது.

தூரத்தில் டிரைவர் கோலை வைத்துக்கொண்டு நின்றார். ஆடுகள் பூவை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவர் விரட்டவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு ஆடாகக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி என்னிடம் அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். பதினோரு ஆடு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஏழாவது ஆடு வரும்போது என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கி, ரோட்டோரத்தில் நின்று மீதி நாலையும் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.